சலிப்பு என்று சொல்லக்கூடாத வீடு

"…பேரு வேணாம். ஊரும் வேணாம். ஆம்பளையா பொம்பளையா, அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க தம்பி. நான் கண்ணசந்து எட்டு நாளாச்சு."

கொத்தமங்கலத்து வீட்டின் இரண்டாங்கட்டு நிலைக்கு உள்ளே உமையாள் ஆச்சி நிற்கிறார். நிலைக்கு வெளியே நான். பங்குனி மாதத்து உச்சி வெயில். வளவு முற்றத்தில் காயப்போட்ட மிளகாயின் நெடி மூக்கில் ஏறுகிறது. என் கையில் ஒரு தடித்த பைண்டு புத்தகம். உள்ளங்கை வேர்வையில் அட்டைத் துணி சாயம் விட்டு, விரலெல்லாம் நீலம்.

ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைத்துவிடாதீர்கள். செட்டி வீடுகளில் இருபது வயதுப் பெண்ணும் ஆச்சிதான். உமையாள் ஆச்சிக்கு அப்போது இருபத்தி மூன்று, இருபத்தி நாலு இருக்கும். எனக்கும் அதே வயது.

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஒரே வார்த்தைப் பதில். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. அதை வெளியே விட்டால் அந்த வீடு என்ன ஆகும் என்று தெரியாமல் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சைக்கிளில் ஒரு நூல்நிலையம்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். வயலில் இறங்கச் சொன்னார்கள். நான் காரைக்குடியில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் ஆறடி அகல அறை பிடித்து, வாடகைக்குப் புத்தகம் விடும் தொழிலில் இறங்கினேன். அறுபதுகளின் கடைசி அது.

கடைக்கு வருகிறவர்கள் பள்ளிக்கூடத்துப் பையன்களும் ரெண்டு மூன்று வாத்தியார்களும்தான். படிக்கும் பசி உண்மையில் இருந்தது பெரிய வீடுகளுக்குள்ளே. அந்த வீட்டுப் பெண்கள் கடைக்கு வரமாட்டார்கள். ஆகவே கடை அவர்களிடம் போனது. சைக்கிள் பின்சீட்டில் தகரப்பெட்டி, ஹாண்டில்பாரில் ரெண்டு பை. தூரத்து ஊர் என்றால் பஸ் மேலே சைக்கிளை ஏற்றிவிடுவேன்.

வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணித் தருவதுதான் என் சரக்கு. என் பைண்டருக்கு ஒரு பழக்கம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் நடுவில் ஒரு வெள்ளைத்தாள் வைத்துத் தைப்பார். ஏன் என்றால், "கதை மூச்சு விட வேணாமா" என்பார். அந்த வெள்ளைத்தாள்தான் என்னை இந்த நிலைப்படியில் கொண்டுவந்து நிறுத்தியது.

ஆளுக்கொரு வார்த்தை

புத்தகம் கேட்கிறவர்கள் யாரும் வெறுமனே கேட்க மாட்டார்கள். ஒரு காரணம் சொல்லித்தான் கேட்பார்கள். எல்லாருக்கும் ஒரே காரணம்தான், வார்த்தைதான் வேறு வேறு. எனக்குச் சனங்களின் சொல் என்றால் உயிர். வரவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன்.

"பொழுது போகலை" என்பது பொது. "சப்புன்னு கெடக்கு" என்பார் ஒருவர். "நாக்கு செத்துப்போன மாதிரி மனசு செத்துப்போச்சு" என்பார் இன்னொருவர். ரங்கூனிலிருந்து திரும்பிவந்து லுங்கிக்கடை வைத்திருந்த ராவுத்தர், "பேஜாராப் போச்சு தம்பி" என்று கைலியை உதறிக் கட்டுவார். காலேஜ் பையன்கள் அப்போதுதான் ஒரு புதுச் சொல்லைக் கொண்டுவந்திருந்தார்கள். எதைக் கொடுத்தாலும் மறுநாளே, "போர்."

எங்கள் அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன், உனக்கு இதுக்கு என்ன வார்த்தை என்று. களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "அதுக்கு உக்காரணும்ல. உக்காந்தவகளைப் போய்க் கேளு," என்றார்.

உட்கார்ந்திருந்தவர்களைத்தான் நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது அறை பூட்டிக் கிடக்கிற வீட்டில், புருஷன் கடல் தாண்டிப் போன வீட்டில், எத்தனை தரம்தான் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது?

ஒரு வீடு, இரண்டு வாசல்

கொத்தமங்கலத்து வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் வழியாகப் போனால் இரண்டாங்கட்டில் உமையாள் ஆச்சி. அவரை நான் சின்ன ஆச்சி என்பேன். பின்தெரு வழியாகச் சுற்றிப்போனால் மூணாங்கட்டில் அவருடைய மாமியார் சிகப்பி ஆச்சி. அவர் பெரிய ஆச்சி.

கல்யாணம் ஆனதும் மகனையும் மருமகளையும் வேறு வைப்பது அந்தச் சமூகத்து முறை. சண்டை இல்லை, பகை இல்லை, முறை. ஒரே கூரைக்குக் கீழே அவர்களுக்குத் தனி அடுப்பு, தனி அரிசிப்பானை. மகன் கல்யாணம் ஆன நாலாம் மாதம் பினாங்குக்குப் போனார். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, அதற்கு முன்பே அங்கே இருந்தார். ஆக, ஒரு வீட்டில் ஒரு பெண் இரண்டாங்கட்டில் தனக்கு மட்டும் சோறு வடிக்கிறார். முப்பதடி தள்ளி, மூணாங்கட்டில் இன்னொரு பெண் தனக்கு மட்டும் வடிக்கிறார்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. காரணத்தைச் சின்ன ஆச்சியே ஒரு தடவை சிரித்துக்கொண்டு சொன்னார். புருஷன் கப்பலேறிய புதிதில், வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, "சலிப்பா இருக்கு அத்தை" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாராம். பெரிய ஆச்சி வத்தல் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "வாழ வந்தவ வாயில அந்த வார்த்தை வரக்கூடாது. வீடு வெளங்காது," என்றாராம்.

"அப்ப வாயே வேணாம்னு மூடிட்டேன்," என்றார் சின்ன ஆச்சி. "நாலு வருசமாச்சு. யாரும் தொறக்கச் சொல்லலை."

இரண்டு அடுப்பு, இரண்டு வாசல், இரண்டு தெரு. என் நோட்டிலும் அவர்கள் இரண்டு உறுப்பினர்கள். அதை நான் ஒரு வீடு என்றே நினைத்ததில்லை. தப்பு அங்கேதான் தொடங்கியது.

யாருக்கும் வேண்டாத மூன்றாம் பாகம்

என்னிடம் ஆறு பாகமாக ஒரு நெடுங்கதை இருந்தது. அதில் மூன்றாம் பாகம் மகா மோசம். எட்டு அத்தியாயத்துக்குக் கதாநாயகி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். வாங்கியவர்கள் எல்லாரும் பாதியில் திருப்பினார்கள்.

மூன்று பேர் மட்டும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒருவர் இளையாத்தங்குடியில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒருவர் சின்ன ஆச்சி. மற்றவர் பெரிய ஆச்சி. பெரிய ஆச்சிக்கு எழுத்து வாசனை கிடையாது என்று ஊருக்கே தெரியும். பினாங்குக் கடிதத்தைத் தபால்காரரிடம் கொடுத்துத்தான் வாசிக்கக் கேட்பார். "படம் பார்க்கத்தான் வாங்குறேன்" என்பார். மூன்றாம் பாகத்தில் நாலு படம் இருந்தது, நாலும் ஜன்னல்.

முன்வாசலில் கொடுத்து வாங்கி, இளையாத்தங்குடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வாங்கிப் பின்வாசலில் கொடுத்து, மறுபடி முன்வாசல். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. ஒன்றரை வருஷம் அப்படிச் சுற்றியது அந்தப் புத்தகம். ஒரு நாளாவது அதை விரித்துப் பார்த்தேனா? இல்லை. பிட்டு விற்கிறவள் பிட்டா தின்கிறாள்?

வெள்ளைத்தாள்

பங்குனி பிறந்த வாரத்தில் முன்வாசலுக்குப் போனேன். சின்ன ஆச்சி முகத்தில் ரத்தமே இல்லை. புத்தகத்தை விரித்து என் முன்னால் நீட்டினார்.

வெள்ளைத்தாள் முழுக்கப் பென்சில் எழுத்து. இரண்டு கை. ஒன்று பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, குண்டு குண்டாக. அது ஆச்சியுடையது. மற்றது ஒரு புள்ளிகூட வைக்காமல், வார்த்தைக்கு வார்த்தை இடம் விடாமல், சாய்ந்து ஓடுகிற எழுத்து. படிக்க வசதியாக இங்கே நான் புள்ளி வைத்து எழுதுகிறேன்.

முதல் தாளில் ஆச்சி ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: "சலிப்பு." வாயால் சொல்லக்கூடாத வார்த்தையை யார் வீட்டுப் புத்தகத்திலோ எழுதிவைத்திருக்கிறார்.

அதன் கீழே மற்றக் கை: "ஜன்னலில் நிற்கிற இவளுக்கு வந்திருப்பது சலிப்பு அல்ல. அலுப்பு. அலுப்பு உடம்புக்கு வருவது, தூங்கினால் போகும். சலிப்பு தூங்க விடாது."

அடுத்த தாளில் ஆச்சி: "சடைவு?"

"அது ஒருத்தர் மேல் வருவது. அவர் வந்து இரண்டு வார்த்தை பேசினால் தீரும்."

"வெறுப்பு?"

"வெறுக்க ஆள் வேண்டும். சலிக்க ஆளே வேண்டாம்."

"பொழுது போகவில்லை."

"பொழுது போகிறது. நாம்தான் போகவில்லை."

நிலைப்படியில் நின்றபடி நான் வாசித்துக்கொண்டே போனேன். வரவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நான் இரண்டு வருஷம் சேர்த்ததெல்லாம் இதற்கு முன்னால் உமி. வார்த்தையைப் பிளந்து பிளந்து உள்ளே இருக்கிற பருப்பைக் காட்டுகிற கை அது. மாவு சலிப்பதைப் பற்றிக்கூட ஒரு தாளில் இருந்தது: "நல்லது எல்லாம் கீழே இறங்கிவிடும். சல்லடையில் நிற்கிற கப்பிதான் நாம்."

"யாரோ நம்ம மாதிரி ஒரு பொம்பளைன்னு நெனச்சுத்தான் எழுதிக்கிட்டிருந்தேன்," என்றார் ஆச்சி. "நேத்து எந் தம்பி வந்தான். பொஸ்தகத்தைப் பொரட்டிட்டு, இது கணக்கப்பிள்ளை எழுத்தாச்சே, எந்த ஆம்பளைகூட எழுத்துப் போக்குவரத்து வச்சிருக்கேன்னு கேட்டுட்டுப் போறான்."

அவன் சொன்னது சரி. புள்ளியில்லாமல், இடம் விடாமல் ஓடுகிற அந்தக் கை, கடைகளில் ஆண்பிள்ளைகள் பழகுகிற கை. பெண்களுக்கு யார் அதைச் சொல்லிக்கொடுக்கப்போகிறார்கள்?

வைகாசியில் பினாங்கிலிருந்து அவர் புருஷன் வருகிறார். மாமனாரும் கூட வருகிறார். ஒன்றரை வருஷமாக ஒரு அந்நிய ஆண் தன் வீட்டுக்காரியோடு சலிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான் என்று தெரிந்தால் ஆச்சி பிறந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கேயும் அந்தத் தம்பி இருக்கிறான். சுமந்துபோன சைக்கிள் யாருடையது? என்னுடையது. அப்புறம் எனக்கு எந்த ஊரில் எந்த வாசல் திறக்கும்?

"கிழிச்சு எரிச்சிரலாம் ஆச்சி," என்றேன்.

"எரிச்சா எழுதுனவரு வாயும் எரிஞ்சிருமா? யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்குட்டு வராதீக."

கடைசித் தாளில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: "நீங்கள் யார்?"

தலைமையாசிரியரின் கண்

ஆண் என்றால் ஒருவர்தானே. அன்றைக்கே இளையாத்தங்குடிக்குப் போனேன். போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே மிதித்தேன். பேரன் பேத்தி எடுத்த மனுஷன், ஊருக்கே நல்லொழுக்கம் சொன்ன வாத்தியார்.

அவர் புத்தகத்தை வாங்கி நெஞ்சின்மேல் கவிழ்த்துக்கொண்டார். "இதான்பா எனக்குத் தூக்க மருந்து. கண்ணுல புரை விழுந்து ரெண்டு வருசமாச்சு. வெயிட்டா நெஞ்சுமேல கெடந்தாப் போதும், அசந்துருவேன்," என்றார். எழுதுவீர்களா என்று கேட்டேன். வலது கையை நீட்டிக் காட்டினார். அது காற்றில் அரசிலை ஆடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

நான் ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்று பேர். ஒருவர், யார் என்று கேட்டவர். ஒருவருக்குக் கண் இல்லை. மீதி ஒருவர்.

இருக்காது என்று நானே தலையை ஆட்டிக்கொண்டேன். ஆனாலும் வாத்தியாரிடம் விடாமல் திரும்ப வாங்கி வந்திருந்த புத்தகத்தைப் பின்தெரு வாசலில் கொடுத்துவிட்டுப் போனேன். வழக்கமாக அங்கே ஒரு வாரம் கழித்துத்தான் போவேன். இந்தத் தடவை அதுவரை எனக்குப் பொறுக்கவில்லை. சொன்ன நாளுக்கு முந்திய பகலே போய் நின்றேன்.

பின்வாசல்

கதவு ஒருக்களித்திருந்தது. கூப்பிட வாயெடுத்தவன் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

சிகப்பி ஆச்சி அடுப்படி மேடையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலில் மூன்றாம் பாகம். கையில் ஒரு சுண்டுவிரல் நீளப் பென்சில். கை ஓடிக்கொண்டிருந்தது. புள்ளி வைக்க ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நிழல் விழுந்ததும் திரும்பினார். பென்சில் கொண்டைக்குள் போன வேகம் இருக்கிறதே, முப்பது வருஷப் பழக்கம் அது.

"சத்தம் போடாதீக," என்றார்.

அப்புறம் அவரே சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது பர்மாவில், மோல்மேனில். அப்பச்சி கடையில் கணக்கப்பிள்ளை ஒருவர் விளையாட்டாகக் கற்றுக்கொடுத்த எழுத்து. கல்யாணமாகி வந்த வீட்டில், எழுத்துத் தெரிந்த பெண் புருஷனை எதிர்த்துக் கேட்பாள் என்று அவருடைய மாமியார் சொன்னாராம். அன்றோடு மறைத்துவிட்டார். புருஷன் கடிதத்தைத் தான் முதலில் வாசித்துவிட்டு, மறுபடி ஒட்டி, தபால்காரரிடம் கொடுத்து, முதல் தடவை கேட்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முப்பது வருஷம்.

"அந்த இளையாத்தங்குடிப் புள்ளை நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

எந்தப் பிள்ளை என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புத்தகம் இளையாத்தங்குடியிலிருந்து வருவதாக நான்தான் எப்போதோ சொல்லியிருந்தேன்; எழுதுகிறவளும் அந்த ஊர் என்று நினைத்திருக்கிறார்.

"பாவம், நல்ல படிச்ச கை. அதோட மாமியாக்காரி யாரோ பாவி, அது வாயைக் கட்டிப் போட்டிருக்கா. யாருன்னு கேட்டிருந்துச்சு. பேரு போட எனக்கு ஏலாது தம்பி. ஆனா உள்ளதை எழுதியிருக்கேன்."

அது யார் என்று சொல்லாமல் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். பின்தெருவில் சைக்கிளை நிறுத்தி, கடைசித் தாளை வாசித்தேன். அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, சைக்கிளை ஏறி மிதிக்காமல், உருட்டிக்கொண்டே தெருவைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தேன்.

மறுபடியும் அந்த நிலைப்படி

"ஆம்பளையா பொம்பளையா?"

"பொம்பளைதான் ஆச்சி," என்றேன்.

நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். உதடு ஏதோ சாமி பேரை முணுமுணுத்தது. பிறகு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். எந் தம்பி ஒரு முட்டாப்பய, என்றார். அந்த எழுத்து அவருக்கு எப்படி வந்தது என்று கேட்டார். பர்மாவில் வளர்ந்தவர் என்றேன். "அதான பார்த்தேன். வயசானவுகளா? அவுகளுக்குத் தொணைக்கு ஆரும் இருக்காகளா?"

அத்தோடு திரும்பி வந்திருக்கலாம். அவர் கேட்டது அவ்வளவுதான். அவர் மானமும் தப்பித்தது, என் தொழிலும் தப்பித்தது. புத்தகத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, தொலைந்துபோனது என்று இரண்டு வாசலிலும் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அது எனக்கு எழுதியது இல்லையே. நான் சுமக்கிறவன். உரியவரிடம் சேர்க்காமல் போக எனக்கு என்ன பாத்தியதை?

புத்தகத்தை நீட்டினேன். கடைசித் தாள், என்றேன்.

அவர் வாசித்தார். அதில் இருந்தது இதுதான்:

"நான் யார் என்றால், ஒருத்தி வாயை அடைத்தவள். என் வீட்டுக்கு வந்த பெண் சலிப்பு என்று சொன்னாள். சொல்லாதே என்றேன். வத்தல் முறம் கையில் இருந்தது. அடுப்பு முறைப்படி இரண்டாயிற்று, பேச்சு என்னால் நின்றது. நான் முப்பது வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததை அவள் நாலே மாதத்தில் வெளியே சொல்லிவிட்டாளே என்ற பொறாமை. வேறு ஒன்றும் இல்லை. உன்னிடம் சொல்லுகிறேன், அவளிடம் சொல்ல வாய் வரவில்லை."

வத்தல் முறம் என்ற இடத்தில் அவர் விரல் நின்றதைப் பார்த்தேன். விரல் அங்கேயே நின்றது. கண் மட்டும் கீழே போய், மறுபடி மேலே வந்து, அந்த இடத்துக்கே திரும்பியது. முகத்தில் கோபமா அழுகையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அடிபட்டவர்கள் வலிக்கு முன்னால் ஒரு கணம் வெறுமனே பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

மூணாங்கட்டில் அம்மி அரைக்கிற சத்தம் கேட்டது. ஒரு ஆளுக்கு அரைக்கிற சத்தம்.

உமையாள் ஆச்சி புத்தகத்தை என் கையில் தரவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெயில் தகிக்கிற முற்றத்தை வெறுங்காலோடு கடந்து போனார். நான் வந்த நாளிலிருந்து திறந்து பார்த்திராத, மூணாங்கட்டுக்குப் போகிற நடுக்கதவின் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். துரு உதிர்ந்தது. கதவு திறந்தது.

"அத்தை," என்றார். நாலு வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லாத தொண்டை. முதல் தடவை சரியாக வரவில்லை. கனைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். "அத்தை, எனக்குச் சலிப்பா இருக்கு."

அம்மிச் சத்தம் நின்றது.

உள்ளேயும் போகாமல், திரும்பியும் வராமல், எந்தப் பெண்ணையும் உட்கார விடாத அந்த நடுக்கதவு நிலைப்படியில், கக்கத்துப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவர் உட்கார்ந்துவிட்டார்.